இரண்டு முழங்கால்களையும் ஒரே நாளில் மாற்றலாமா?

நமது பள்ளிவாசல்களில் கதிரையில் இருந்து தொழுவோரின் தொகை வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. பெண்கள் பெரும்பாலும் வீட்டில் தொழுவதால் அவர்களுடைய கதிரைகள் வெளியே தெரிவதில்லை. ஆனால் முழங்கால் தேய்வு ஆண்களைவிடப் பெண்களையே கூடுதலாகப் பிடிக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ் நகரை விட்டு வெளியேற்றப்பட்டபோது இருபத்தைந்து, முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதை எட்டியும் தாண்டியும் நிற்கிறார்கள். புத்தளத்தில் ஒரு வீடு, சோனகத் தெருப் பக்கம் ஒரு வீடு என்று இரண்டு ஊரில் வாழும் அந்தத் தலைமுறையின் பல வீடுகளில் இப்போது முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு அடிபடுகிறது.

இரண்டு முழங்காலும் பழுதாகிப் போனவர் வைத்தியரிடம் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்: "டொக்டர், ரெண்டையும் ஒரேயடியாச் செய்து விடுங்கோ. ஒரு நோவோட முடிஞ்சு போகட்டும்." பிள்ளைகளும் அதையே விரும்புகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மகனுக்கு ஒரு மாத லீவுதான். மகளுக்கு இரண்டு தடவை பள்ளிக்கூடத்தில் லீவு எடுக்க ஏலாது. செலவும் ஒன்றாக முடிந்துவிடும்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றலாமா என்பதை முழங்காலைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. இதயம், நுரையீரல், சிறுநீரகம், வயது ஆகியவற்றைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். இக்கட்டுரை சொல்ல வருவது இதைத்தான். காலின் எக்ஸ்-கதிர்ப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முடிவை எடுப்பவர்கள் ஆபத்தின் பெரும்பகுதியைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள்.

எதை மாற்றுகிறார்கள்?

முழங்காலில் தொடை எலும்பின் கீழ்நுனியும் கணைக்கால் எலும்பின் மேல்நுனியும் சந்திக்கின்றன. முன்னால் சிரட்டை எலும்பு இருக்கிறது. எலும்புகளின் முகப்பில் வழுவழுப்பான குருத்தெலும்பு படிந்திருக்கும். இந்தக் குருத்தெலும்பு தேய்ந்து போகும்போது எலும்போடு எலும்பு உரசுகிறது. வலி, வீக்கம், கால் வளைதல் எல்லாம் அதனால் வருபவை.

"மாற்றுகிறோம்" என்றவுடன் முழு மூட்டையும் கழற்றி வேறொன்று பூட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தேய்ந்த முகப்புகளைச் சில மில்லிமீற்றர் கனத்துக்கு வெட்டி எடுத்து, தொடைப் பக்கத்துக்கு உலோக உறை ஒன்றும், கணைக்கால் பக்கத்துக்கு உலோகத் தட்டு ஒன்றும் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் இடையில் பொலித்தீன் இனத்தைச் சேர்ந்த உறுதியான பிளாஸ்ரிக் துண்டு இருக்கும். பெரும்பாலும் எலும்புச் சீமெந்து கொண்டு இவற்றை ஒட்டுவார்கள். இன்றைய மூட்டுகளுக்கு முன்னோடியான வடிவம் 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கில் உருவானது. நல்ல முறையில் பொருத்தப்பட்ட மூட்டு நீண்ட காலம் உழைக்கும். 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, மாற்றப்பட்ட முழங்கால்களில் 100க்கு ஏறத்தாழ 82 முழங்கால்கள் 25 வருடங்களுக்குப் பின்னரும் நிலைக்கின்றன.

ஆகவே இந்தச் சிகிச்சையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஒரு முழங்காலை மாற்றுவது உலகெங்கும் செய்யப்படும் வழமையான சத்திரசிகிச்சை. அதில் உயிராபத்து ஆயிரத்துக்குச் சில பேர் என்ற அளவில்தான் இருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது, அதையே ஒரே மயக்கத்தில் இரண்டு மடங்காக்கும்போது என்ன நடக்கிறது என்பது.

மூன்று வழிகள்

இரண்டு முழங்காலும் கெட்டுப்போனவருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஒரே மயக்கத்தில் இரண்டையும் மாற்றுவது. இதிலும் இரண்டு விதம் உண்டு. இரண்டு சத்திரசிகிச்சைக் குழுக்கள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். அல்லது ஒரே குழு ஒரு காலை முடித்துவிட்டு அடுத்த காலைத் தொடங்கலாம். இரண்டாவது விதத்தில் ஓர் அனுகூலம் இருக்கிறது. முதற் கால் முடிந்ததும் நோயாளியின் பிறஷரோ ஒட்சிசன் அளவோ சரியில்லை என்று கண்டால், மயக்கமருந்து நிபுணர் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லலாம்.

இரண்டாவது வழி, ஒருமுறை வைத்தியசாலையில் தங்கியிருக்கும்போதே சில நாள் இடைவெளியில் இரண்டையும் செய்வது. பார்ப்பதற்கு இது நடுவழி போலத் தெரியும். ஆனால் உடல் முதற் காயத்தில் இருந்து மீளாமல், இரத்தம் குறைந்து, குருதி உறையும் தன்மை கூடியிருக்கும் நாள்களில்தான் அடுத்த காலை வெட்டுகிறோம். இந்த வழியால் ஆபத்துக் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிலவற்றில் சிக்கல்கள் கூடியே இருந்தன.

மூன்றாவது, ஒரு காலை மாற்றி, நன்றாக நடக்கப் பழகி, சில மாதம் சென்ற பிறகு அடுத்ததை மாற்றுவது.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

தொடை எலும்பு வெளியே கட்டியாக இருந்தாலும் உள்ளே ஒரு குழாய் போல இருக்கும். அதற்குள் கொழுப்பும் மச்சையும் நிறைந்திருக்கின்றன. மூட்டை நேராகப் பொருத்துவதற்கு அளவு எடுக்க, வழமையான முறையில் அந்தக் குழாயைத் துளைத்து நீளமான கம்பி ஒன்றை உள்ளே செலுத்துவார்கள். போத்தலுக்குள் தக்கையை அமத்தும்போது உள்ளே அழுத்தம் கூடுவது போல, கம்பி இறங்கும்போது எலும்புக்குள் அழுத்தம் கூடுகிறது. கொழுப்புத் துளிகளும் மச்சைத் துணுக்குகளும் நாளங்களுக்குள் தள்ளப்பட்டு, இதயத்தின் வலப்பக்கம் சென்று, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகின்றன.

ஒரு காலில் இது நடக்கும்போது ஆரோக்கியமான நுரையீரல் ஒரு சல்லடை போலத் தாங்கிக்கொள்ளும். நோயாளிக்குத் தெரியவே தெரியாது. இரண்டு காலிலும் ஒரு மணி நேர இடைவெளியில் நடந்தால், முதற் சுமையில் இருந்து நுரையீரல் தெளியும் முன்பே இரண்டாவது சுமை வந்து சேர்கிறது. ஒட்சிசன் குறையலாம். நுரையீரல் நாளங்களில் அழுத்தம் கூடி இதயம் திணறலாம். மிக நுண்ணிய துளிகள் நுரையீரலையும் தாண்டி மூளைக்குப் போனால் நோயாளி இடம், ஆள் தெரியாமல் குழம்பிப் பேசலாம். வயதானவர்களில் இந்தக் குழப்பம் கூடுதலாக வருகிறது. இதற்கு நோவு மருந்து, நித்திரையின்மை போன்ற வேறு காரணங்களும் உண்டு. கணினி வழிகாட்டலில் செய்யும்போது தொடை எலும்பின் குழாயைத் திறக்காமலே அளவு எடுக்கலாம். அது இந்தச் சுமையைக் குறைக்க உதவும். ஆனால் மற்றைய ஆபத்துகள் அப்படியே இருக்கும்.

அடுத்தது இரத்த இழப்பு. முழங்கால் மாற்றத்தில் வெளியே தெரியும் இரத்தத்தைவிட, மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் கசிந்து மறையும் இரத்தம் அதிகமாக இருக்கலாம். இரண்டு கால் என்றால் இழப்பும் இரண்டு பங்கு. டிரனெக்ஸாமிக் அசிட் என்ற மருந்து வந்த பிறகு இந்த இழப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. என்றாலும் ஒரே நாளில் இரண்டு கால் செய்பவர்களுக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வருவது கூடத்தான். ஏற்கெனவே இரத்தச்சோகை உள்ள ஒருவருக்கு, இரத்தம் குறையக் குறைய இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கும். இதயத்தின் நாளங்களில் அடைப்பு இருந்தால் மாரடைப்பு வருவது இப்படித்தான்.

மூன்றாவது, குருதிக்கட்டி. படுக்கையில் அசையாமல் கிடக்கும்போது காலின் ஆழமான நாளங்களில் இரத்தம் உறையும். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் செய்தவர் மறுநாளே நல்ல காலை ஊன்றி எழும்பி நடக்கிறார். இரண்டு காலும் செய்தவருக்கு ஊன்றுவதற்கு நல்ல கால் இல்லை. அவரையும் எழுப்பி நடத்தத்தான் வேண்டும், ஆனால் அது மெதுவாகவே நடக்கும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2007ஆம் ஆண்டு அமெரிக்க எலும்பியல் சஞ்சிகை ஒன்றில், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கட்டுரையொன்று வெளியானது. ஒரே மயக்கத்தில் இரண்டு காலும் செய்தவர்களில், அப்படிச் செய்யாதவர்களைவிட, இதயச் சிக்கல் ஏறத்தாழ இரண்டரை மடங்காகவும், இறப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகவும், நுரையீரல் அடைப்பு இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தன.

இரண்டு மடங்கு என்றதும் பயந்துவிடக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று என்பது ஆயிரத்துக்கு ஆறாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 994 பேர் நலமாக வீடு திரும்புகிறார்கள். ஆனால் அந்த மடங்கு எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஆரோக்கியமான 58 வயதுக்காரருக்கு அது மிகச் சிறியது. சலரோகமும் இதய வருத்தமும் உள்ள 76 வயதுக்காரருக்கு அது சிறியதல்ல. சராசரி எண்ணைக் கேட்டுவிட்டு அது தனக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைப்பதில்தான் பிழை நேர்கிறது.

"ரெண்டு தரம் செய்தா ரெண்டு தரமும் ஆபத்துத்தானே?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. இரண்டு தடவையாகச் செய்பவர்களில், முதற் தடவையிலேயே சிக்கல் வந்தவர் இரண்டாம் தடவைக்கு வரமாட்டார். ஆகவே இரண்டையும் முடித்தவர்களை மட்டும் எண்ணினால் அந்த வழி உள்ளதைவிடப் பாதுகாப்பானதாகத் தோன்றும். இதையும் கணக்கில் எடுத்து, கலிபோர்னியா மாநில வைத்தியசாலைப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. அதிலும் ஒரே நாளில் இரண்டும் செய்தவர்களுக்கு மாரடைப்பும் நுரையீரல் அடைப்பும் கூடுதலாகவே இருந்தன. ஆனால் மூட்டில் கிருமி தொற்றுவது அவர்களில் குறைவாக இருந்தது. அதாவது உண்மை ஒரு பக்கமாக மட்டும் சாயவில்லை. ஒரே நாளில் செய்வது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பாரம். தனித்தனியாகச் செய்வது கிருமித்தொற்றுக்கு இரண்டு தடவை கதவைத் திறக்கிறது. இதில் எந்த ஆபத்து ஒருவருக்குப் பெரிது என்பதை அவருடைய உடல்நிலைதான் தீர்மானிக்கும்.

யாருக்கு இது கூடாது?

முழங்கால் மாற்றத்தில் அனுபவம் மிக்க அமெரிக்க வைத்தியர்கள் நியூயோர்க்கில் கூடி ஆராய்ந்து, 2013இல் தமது பொதுக் கருத்தை வெளியிட்டார்கள். ஒரே நாளில் இரண்டையும் மாற்றுவது உடலுக்குக் கூடிய பாரம் என்பதால், பெரிய வருத்தம் எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டுமே அதைச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். தவிர்க்க வேண்டியவர்கள் பொதுவாக இவர்கள்:

– 75 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள்
– இதய நாள அடைப்பு உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள்
– நுரையீரல் நாளங்களில் அழுத்தம் கூடியவர்கள், ஒட்சிசன் உதவி தேவைப்படும் சுவாச நோயாளிகள், ஸ்ரீரொயிட் மருந்தில் தங்கியிருக்கும் ஆஸ்துமாக்காரர்
– பாரிசவாதம் வந்தவர்கள்
– சிறுநீரகம் அல்லது ஈரல் நாட்பட்டுப் பழுதானவர்கள்
– மிகையான உடற்பருமன் உள்ளவர்கள்

இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு சத்திரசிகிச்சைகளுக்கும் இடையில் குறைந்தது மூன்று மாதம் விட வேண்டும் என்பதும் அவர்களில் பெரும்பாலானோரின் கருத்து.

நமது பக்கத்தில் இந்தப் பட்டியலை வாசிக்கும்போது ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சலரோகம் நம்மில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. சலரோகக்காரருக்கு இதய அடைப்பு நெஞ்சு நோவே இல்லாமல் ஒளிந்திருக்கலாம். அதிலும் முழங்கால் நோவால் நடையைக் குறைத்துக்கொண்டவருக்கு, தன் இதயம் எவ்வளவு தாங்கும் என்பது தெரிய வாய்ப்பே இல்லை. "எனக்கு இளைப்பே வாறதில்லை" என்று அவர் சொல்வது உண்மைதான். இளைக்கும் அளவுக்கு அவர் நடந்து எத்தனை வருடம்? ஆகவே ஈ.சி.ஜி. ஒன்றோடு திருப்திப்படாமல், எக்கோ பரிசோதனையும் இதய வைத்தியரின் அபிப்பிராயமும் தேவையா என்று கேட்பது நல்லது. சில மாதங்களின் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் முக்கியம். சீனி கட்டுப்படாமல் எந்தக் காலையும் வெட்டக் கூடாது.

மறுபக்க நியாயம்

ஒரே நாளில் செய்வதை முற்றாக மறுப்பதும் நீதியாகாது. ஒரு மயக்கம், ஒரு வைத்தியசாலைத் தங்கல், ஒரே உடற்பயிற்சிக் காலம். மொத்தச் செலவும் குறைவு. இரண்டு காலும் வில்லாக வளைந்தவருக்கு வேறொரு நியாயமும் உண்டு. ஒரு காலை மட்டும் நேராக்கினால் அது நீளமாகிவிடும். மற்றக் கால் வளைந்தே இருக்கும். நிமிர்ந்து நடக்கப் பழகுவது அவருக்குக் கடினம். மூட்டுவாதத்தால் இரண்டு முழங்காலும் மடங்கியே இறுகிப்போன ஒப்பீட்டளவில் இளம் நோயாளிக்கும் இது பொருந்தும். இதயம் நல்லாக இருந்து, வயது எழுபதுக்குக் கீழே இருந்து, அனுபவமுள்ள குழுவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள வைத்தியசாலையில் செய்தால், பலர் நன்றாகவே தேறுகிறார்கள்.

ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். முழங்கால் மாற்றிய ஐந்து பேரில் ஏறத்தாழ ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மூட்டு சரியாகத்தான் பொருத்தப்பட்டிருக்கும். நோவு கொஞ்சம் மிஞ்சும், அல்லது எதிர்பார்த்த அளவுக்கு மடங்காது. ஒரு காலை முதலில் செய்தால் தன் உடல் இதை எப்படி ஏற்கிறது என்று அறிந்துகொண்டு அடுத்ததைத் தீர்மானிக்கலாம். சிலருக்கு ஒரு கால் நல்லாக வந்ததும் மற்றக் காலின் நோவும் பாதி குறைந்துவிடுகிறது. இரண்டாவது சத்திரசிகிச்சையே சில வருடம் தள்ளிப் போகிறது.

இந்தியப் பிரதமராக இருந்த அடல் பிஹாரி வாஜ்பாயி முழங்கால் மாற்றிக்கொண்ட செய்தி அக்காலத்தில் பத்திரிகை வாசித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2000 ஒக்டோபரில் மும்பையின் பிரீச் கண்டி வைத்தியசாலையில் அவருடைய இடது முழங்கால் மாற்றப்பட்டது. வலது முழங்கால் 2001 ஜூனில் மாற்றப்பட்டது. இடையில் எட்டு மாதம். அப்போது அவருக்கு வயது 75ஐத் தாண்டியிருந்தது. செய்தவர் நியூயோர்க்கில் பணியாற்றிய இந்திய வம்சாவளி வைத்தியர் சித்தரஞ்சன் ரணாவத். 1970களில் நவீன முழங்கால் மூட்டை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். பணமோ வசதியோ வைத்தியத் திறமையோ குறைவில்லாத ஓர் இடத்தில், ஒரு நாட்டின் தலைவருக்கு இரண்டு தடவையாகவே செய்யப்பட்டது. "ரெண்டு தரம் போறது ஏழைகளுக்கு, வசதியானவங்க ஒரே தரத்தில முடிப்பாங்க" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வீடும் பிரயாணமும்

வைத்தியசாலையில் நடப்பது சில நாள். மிகுதி வீட்டில். ஒரு கால் செய்தவருக்கு முதல் ஆறு வாரம் ஒருவர் துணையிருந்தால் போதும். இரண்டு கால் செய்தவரை எழுப்ப, மலசலகூடம் கூட்டிப்போக, குளிக்க வைக்க முதல் நாள்களில் இரண்டு பேர் வேண்டும். பிள்ளைகள் ஒருவர் புத்தளத்தில், ஒருவர் கொழும்பில், ஒருவர் வெளிநாட்டில் என்று சிதறியிருக்கும் நமது குடும்பங்களில், அந்த இரண்டு பேர் யார் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே பெயர் சொல்லித் தீர்மானிக்க வேண்டும். வயதான கணவரோ மனைவியோ தனியே தாங்கிப் பிடிக்கப் போய் இருவரும் விழுவது நடக்கக்கூடியது.

குந்தும் மலசலகூடம் இருந்தால் கொமட் ஒன்று வைக்க வேண்டும். கைப்பிடி பூட்ட வேண்டும். பழைய வீடுகளின் உயர்ந்த வாசற்படிக்கு என்ன செய்வது என்றும் யோசிக்க வேண்டும். பாய், கால்மிதி, தரையில் ஓடும் வயர் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும்.

கொழும்பிலோ சென்னையிலோ செய்துகொள்ள நினைப்பவர்கள் திரும்பி வரும் பிரயாணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பஸ்ஸிலோ ரயிலிலோ பல மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு இருக்க வேண்டும். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் குறுகிய நேரம்தான். ஆனால் அங்கே செய்துகொண்டு பத்தாம் நாள் ஊருக்கு வந்தவருக்குக் காயத்தில் சீழ் வைத்தால், இங்கே பார்ப்பது யார்? வெட்டிய வைத்தியர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். இரண்டு காலையும் ஒரே தொகைக்குச் செய்து தருவதாகச் சொல்லும் "பக்கேஜ்" மலிவாகத் தெரியலாம். மூன்று மாதத்துக்கான பின்தொடர் சிகிச்சை அந்தத் தொகைக்குள் வருகிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

தொழுகையும் மருந்தும்

"தரையில ஸுஜூது செய்ய வேணும், அதுக்காகத்தான் ரெண்டையும் மாத்தப் போறன்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஏக்கத்தை மதிக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லாமல் விடக் கூடாது. மாற்றிய முழங்கால் பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரைதான் மடங்கும். அத்தஹிய்யாத்து இருப்புக்குக் காலை அதைவிட மிகக் கூடுதலாக மடக்க வேண்டும். முழங்காலை ஊன்றுவதும் பலருக்கு நோகும். சிலர் பயிற்சியால் ஸுஜூது வரை போகிறார்கள். பலர் கதிரையிலேயே தொடர்கிறார்கள். நோவில்லாமல் நடப்பது, பள்ளிக்குத் தானே போவது, இரவில் நிம்மதியாக நித்திரை கொள்வது ஆகியவைதான் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் தருபவை. நிற்க முடியாதவர் இருந்தும், அதுவும் ஏலாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகையை நபியவர்கள் (ஸல்) நமக்குத் தந்திருக்கும்போது, ஸுஜூதுக்காக இதயத்தின் மேல் இரட்டைப் பாரம் ஏற்ற வேண்டிய கட்டாயம் மார்க்கத்தில் இல்லை.

ஹஜ்ஜுக்கோ நோன்புக்கோ முன்னர் இரண்டையும் முடித்துவிடும் அவசரமும் இப்படித்தான். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் வாரங்களில் உடலில் தண்ணீர் குறைவது குருதி உறைவதற்கு வழி செய்யும். சலரோகக்காரருக்குச் சீனியும் தளம்பும். அந்த நாள்களில் நோன்பு பிடிப்பது பற்றி வைத்தியரிடமும் உலமாவிடமும் சேர்த்துக் கேளுங்கள். காயம் ஆறும்வரை தண்ணீர் படக் கூடாத இடங்களில் வுழூ, குளிப்பு எப்படி என்பதையும் முன்கூட்டியே அறிந்து வையுங்கள்.

குருதி உறையாமல் இருக்க வயிற்றில் போடும் எனொக்ஸாபரின் என்ற ஊசி பன்றியின் குடலில் இருந்து எடுக்கப்படும் பொருளில் தயாராவது. இதைப் பிந்தி அறிந்து, வீட்டில் ஊசியை நிறுத்தினால் ஆபத்து உயிருக்கு. கண்டிப்பான தேவை வரும்போது இத்தகைய மருந்துக்கு உலமாக்கள் பலர் அனுமதி தருகிறார்கள். அதோடு றிவறொக்ஸபன் மாத்திரை, அஸ்பிறின், செயற்கையாகத் தயாராகும் பொண்டாபரினக்ஸ் ஊசி போன்ற மாற்றுகளும் உண்டு. எல்லாம் எல்லாருக்கும் ஒத்துவராது. ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். வைத்தியர் தந்ததைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

கேட்க வேண்டியவை

மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்த மண் இது. வைத்தியரிடம் தமிழில் விளக்கம் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. கையெழுத்து வைக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. எனது வயதுக்கும் வருத்தங்களுக்கும் ஒரே நாளில் இரண்டும் செய்வதைப் பரிந்துரைக்கிறீர்களா? ஏன்?
2. மயக்கமருந்து நிபுணர் என்னை முன்கூட்டியே பார்ப்பாரா? முதற் காலுக்குப் பிறகு நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா?
3. எனது இரத்த அளவு, சீனி, சிறுநீரகம் எப்படி? அவற்றைத் திருத்த எவ்வளவு காலம் எடுக்கலாம்?
4. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே வைத்தியசாலையில் இருக்கிறதா?
5. கடந்த மூன்று மாதத்துக்குள் முழங்காலில் ஸ்ரீரொயிட் ஊசி போட்டிருக்கிறேன், தள்ளிப்போட வேண்டுமா? (அந்த ஊசி கிருமித்தொற்றைக் கூட்டக்கூடும்.)
6. ஒரு காலை மட்டும் செய்வதென்றால் எந்தக் காலை முதலில்?
7. வீட்டுக்குப் போன பிறகு யாரை, எந்த நாளில் காட்டுவது?

வீட்டுக்கு வந்த பிறகு கெண்டைக்கால் வீங்கி நொந்தால், திடீரென மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், ஆள் குழம்பிப் பேசினால், காயம் சிவந்து நீர் வடிந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காத்திருக்கும் காலமும் வீண் போவதில்லை. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, எடை குறைத்தல், சிகரெட்டை நிறுத்துதல், சொத்தைப் பல்லுக்கும் கால் புண்ணுக்கும் முன்கூட்டியே வைத்தியம் பார்த்தல் எல்லாம் முதற் காலுக்கும் உதவும், இரண்டாவதுக்கும் உதவும். நோவு மாத்திரைகளை அளவுக்கு மிஞ்சிப் போட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதும் இதில் அடங்கும்.

முழங்கால் தேய்வு உயிரை எடுக்கும் வருத்தமல்ல. அதனால் முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது. ஒரு காலை மாற்றி மூன்று மாதம் கழித்து மற்றதை மாற்றியவர் இழப்பது அந்த மூன்று மாதத்தை. இதயம் தாங்காத ஒருவருக்கு இரண்டையும் ஒரே நாளில் செய்து பிழைத்துப் போனால், திருத்துவதற்கு மூன்றாவது நாள் ஒன்று கிடைப்பதில்லை. ஆகவே வீட்டில் உம்மாவோ வாப்பாவோ "ரெண்டையும் ஒரேயடியா" என்று சொல்லும்போது பிள்ளைகள் தலையாட்டிவிடாமல், முதலில் அவர்களுடைய இதயத்தைப் பரிசோதிக்கக் கூட்டிப்போகட்டும். அந்த முடிவு வந்த பிறகு முழங்காலைப் பற்றிக் கதைக்கலாம்.